பணி ஓய்வுக்குப் பிறகு ஓவியம் கற்றுக்கொள்ள முடியுமா? விலங்குகளை வரைவது கஷ்டமா?

முடியும். கஷ்டமும்தான். எனக்கு 63 வயதில் பிடித்த பைத்தியம் இது.

தஞ்சாவூர்ப் பக்கம் முப்பது வருடம் விலங்கியல் ஆசிரியையாக இருந்தேன். இப்போது மகளோடு டெக்சாஸில், ஃபோர்ட் வொர்த்தில். தவளையின் சீரண மண்டலத்தைக் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு போட்டவளுக்குக் குதிரை எம்மாத்திரம் என்று உட்கார்ந்தேன். முதல் படத்தைப் பார்த்துப் பேத்தி கேட்டாள்: "அம்மாச்சி, இது ஏன் உட்காரப் போகுது?"

குதிரையின் பின்னங்காலில் பின்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் மூட்டு முழங்கால் இல்லை, குதிகால். நிஜ முழங்கால் மேலே வயிற்றை ஒட்டி இருக்கிறது. முன்னங்காலில் நாம் முழங்கால் என்று நினைப்பது மணிக்கட்டு. காலுக்கு ஒரு விரல், அதன் நுனியில் நிற்கிற பிராணி அது. இதையெல்லாம் பாடம் நடத்தியவள்தான் நான். கை மட்டும் மனுஷக் காலைப் போட்டுவிட்டது.

ஓடும் குதிரை இன்னும் மோசம். முன்கால் முன்னால், பின்கால் பின்னால் என நீட்டிப் பறப்பதுபோலத்தான் அந்தக் கால ஓவியர்கள் வரைந்தார்கள். 1878-ல் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் கலிஃபோர்னியாவில் கேமராக்களை வரிசையாக வைத்துப் படமெடுத்த பிறகுதான், கால்கள் வயிற்றுக்கடியில் மடங்கிச் சேரும்போதுதான் நான்கு குளம்பும் தரையைவிட்டு எழுகின்றன என்று தெரிந்தது. 1889-ல் அமெரிக்க ஓவியர் ரெமிங்டன் வரைந்த 'எ டாஷ் ஃபார் தி டிம்பர்' எங்கள் ஊர் ஏமன் கார்ட்டர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏழடி அகலம், குதிரைகள் நம் மேலேயே பாய்ந்து வரும். அனுமதி இலவசம் என்பதால் நோட்டும் பென்சிலுமாகப் போய்க் குளம்புகளை மட்டும் வரைந்துவிட்டு வருவேன்.

இங்கே ஸ்டாக்யார்ட்ஸ் என்ற பழைய மாட்டுச் சந்தைப் பகுதியில் தினமும் இரண்டு வேளை லாங்ஹார்ன் மாடுகளைத் தெருவில் ஓட்டிப்போவார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கான வேடிக்கைதான், ஆனால் மாடுகள் ஆற அமர நடப்பதால் நமக்குத் தோது. காங்கேயம் மாட்டுக்குக் கொம்பு மேலே போகும், இதற்குப் பக்கவாட்டில். நுனிக்கு நுனி ஆறடியைத் தாண்டுவது சாதாரணம். அதனால் கொம்பை முதலில் போடுங்கள். உடம்பிலிருந்து ஆரம்பித்து, கேன்வாஸில் இடம் போதாமல் ஒற்றைக் கொம்போடு நிற்கும் மாடுகள் என்னிடம் இரண்டு உண்டு. கௌபாய்களால் தொல்லை இல்லை. தொப்பி நிழலில் முகம் மறைந்துவிடும். எனக்கு முகம் வராது.

அக்ரிலிக் வண்ணத்தில் தொடங்குங்கள், சீக்கிரம் காயும், தப்பின் மேலேயே பூசிக்கொள்ளலாம். கறுப்பு ட்யூப் வாங்க வேண்டாம். அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் கலந்தால் வரும் கறுப்புதான் மாட்டுத் தோலுக்குப் பொருந்துகிறது.

இப்போது ஒரு பைசன், அதாவது அமெரிக்கக் காட்டெருமை, திமில்வரை வந்து நிற்கிறது. பேத்தியிடம் இன்னும் காட்டவில்லை.