பார்வோ வந்துபோன வீட்டுக்கு அடுத்த நாய்

கேள்வி: எங்கள் மூன்று மாத நாய்க்குட்டி பார்வோ என்ற வைரஸ் நோய் வந்து இறந்து மூன்று வாரம் ஆகிறது. ஒன்றரை மாதத்திலேயே தடுப்பூசி போட்டிருந்தோம். பத்து வயது மகள் இன்னும் அழுகிறாள். காப்பகத்தில் இரண்டு மாதக் குட்டி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம், "ஊசி போட்டாச்சு" என்கிறார்கள். உடனே கூட்டி வரலாமா? இவ்வளவு சீக்கிரம் இன்னொன்றா என்றும் மனசு உறுத்துகிறது.

பதில்: அந்தக் குட்டி வேண்டாம். நாயே வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு மாதக் குட்டி, உங்கள் வீட்டுக்கு, இப்போது வேண்டாம்.

முதலில் உங்கள் உறுத்தல். ஊசி போட்டும் ஏன் போனது என்று உங்களையே நொந்துகொள்கிறீர்கள். பிறந்ததும் குடிக்கும் சீம்பாலில் தாயின் எதிர்ப்புச் சக்தி குட்டிக்கு வந்துவிடும். அது உடம்பில் இருக்கும்வரை தடுப்பூசியையும் வேலை செய்ய விடாது. எந்தக் குட்டிக்கு எந்த வாரத்தில் அது தீரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வாரத்துக்கு ஒன்றாக, 16 வாரம் தாண்டும்வரை ஊசி போடுகிறோம். முதல் ஊசி வீணாய்ப் போனதற்கு நீங்கள் காரணமில்லை. இதை ஊசி போட்ட அன்றே இரண்டு வரியில் சொல்லியிருக்கலாம். அட்டையில் தேதி எழுதிக் கையில் கொடுப்பதோடு பல இடங்களில் பேச்சு முடிந்துவிடுகிறது.

"ஊசி போட்டாச்சு" என்பதே என்னைப் பொறுத்தவரை அபாயகரமான சொல். எத்தனை ஊசி, எந்த வயதில், எந்த மருந்து என்று கேளுங்கள். அட்டையில் மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய சீட்டு இருக்க வேண்டும். அதில் தொகுதி எண்ணும் (பேட்ச் நம்பர்) காலாவதித் தேதியும் தெரிய வேண்டும். மருத்துவர் கையெழுத்து தனியாக வேண்டும். பேனாவால் தேதி மட்டும் எழுதிய அட்டை, அட்டையே இல்லாததற்குச் சமம்.

இப்போது வீடு. பார்வோ கிருமி லேசில் சாகாது. நிழலான மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், ஒரு வருடம் தாண்டியும் இருக்கலாம். ஃபினைல், கை கழுவும் சானிடைசர், வாசனைத் தரை திரவம் எதற்கும் அது மசியாது. வீட்டு ப்ளீச்சுக்கு மசியும், முறையாகச் செய்தால். முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கைத் தேய்த்துக் கழுவுங்கள். மலமோ வாந்தியோ ஒட்டியிருந்தால் ப்ளீச் அதிலேயே வலுவிழந்துவிடும். பிறகு 5 முதல் 6 சதவீத ப்ளீச்சில் 30 மில்லி எடுத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து, 10 நிமிடம் தரை ஈரமாகவே இருக்கும்படி விடுங்கள். தெளித்த கையோடு துடைத்துவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. கரைசலை அன்றன்றைக்குக் கலக்குங்கள். கழிப்பறை அமிலத்தோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு வரும். மெத்தை, துணிப் பொம்மை, மரக்கிண்ணம் எல்லாவற்றையும் தூக்கிப் போடுங்கள். தோட்ட மண்ணில் ப்ளீச் ஊற்றிப் பயனில்லை.

மண்ணைச் சுத்தம் செய்ய முடியாது என்பதால், வரும் நாயைத்தான் பார்த்து எடுக்க வேண்டும். ஒரு வயது தாண்டிய, ஊசிகள் முடிந்த நாய் என்றால் வீடு சுத்தமானதும் கூட்டி வரலாம். ஊசி விவரம் தெரியாத பெரிய நாய் என்றால் காப்பகத்திலேயே ஊசி போடச் சொல்லி, இரண்டு வாரம் கழித்துக் கூட்டி வாருங்கள்.

குட்டிதான் வேண்டும் என்று மகள் பிடிவாதம் பிடித்தால் ஒரு வழி உண்டு. பார்வோ வந்து பிழைத்த குட்டி. பல காப்பகங்களில் இப்படி ஒன்றிரண்டு இருக்கும், நோய் வந்த குட்டி என்று யாரும் எடுக்க மாட்டார்கள். உங்கள் வீட்டுக்கு அதைவிடப் பாதுகாப்பான குட்டி கிடையாது, அதன் உடம்பில் வருடக்கணக்கில் எதிர்ப்புச் சக்தி நிற்கும். ஆனால் மூன்றைப் பாருங்கள். "பார்வோ மாதிரி இருந்தது" என்றால் போதாது, சோதனையில் உறுதியாகியிருக்க வேண்டும். குணமான பிறகும் சில வாரம் மலத்தில் கிருமி வெளியேறும். மற்ற குட்டிகள் உள்ள வீடுகளுக்கு அதற்குள் கூட்டிப் போகாதீர்கள். கூட்டி வரும் முன் நன்றாகக் குளிப்பாட்டச் சொல்லுங்கள், ரோமத்திலும் கிருமி ஒட்டியிருக்கும். பார்வோவுக்குத்தான் எதிர்ப்பு வந்திருக்கிறது; டிஸ்டெம்பர் (நாய்களுக்கு வரும் இன்னொரு வைரஸ் நோய்), ரேபிஸ் ஊசிகள் வழக்கம்போல் போட்டே ஆக வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. இறந்த குட்டியின் படத்தை எங்காவது போட்டு அழுதிருந்தீர்களானால், "அச்சு அசல் அதே மாதிரி ஒன்று இருக்கிறது, மீட்ட நாய்" என்று யாராவது வருவார்கள். வண்டிச் செலவுக்கு முன்பணம் கேட்பார்கள். இடத்தைக் காட்ட மாட்டார்கள். இன்னொருவர் கேட்கிறார் என்று அவசரப்படுத்துவார்கள். ஒரே வயதில் சாதி நாய்க்குட்டிகள் எப்போது கேட்டாலும் கைவசம் இருந்தால் அது மீட்பு இல்லை, விற்காமல் தேங்கிய சரக்கு. நேரில் பார்க்காமல் ஒரு காசும் அனுப்பாதீர்கள். ஒழுங்கான காப்பகமோ பத்துப் பக்கப் படிவம் நீட்டும், வீட்டுக்கு ஆள் அனுப்பும், ஆனால் குட்டியின் மருத்துவக் குறிப்பைக் கேட்டால் "தேடிப் பார்க்கணும்" என்று இழுக்கும். எரிச்சலாகத்தான் இருக்கும். விடாமல் கேட்டு வாங்குங்கள்.

மகளிடம் "தூங்கிவிட்டது" என்று சொல்லாதீர்கள். படுக்கப் போகவே பயப்படுவாள். இறந்துவிட்டது, ஒரு கிருமியால், அவள் செய்த எதனாலும் இல்லை என்று நேராகச் சொல்லுங்கள். சாப்பாடும் தூக்கமும் வாரக்கணக்கில் சரியாகாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். புது நாய்க்குப் பழைய பெயரை வைக்க வேண்டாம். சீக்கிரம் எடுப்பது துரோகமா என்றால், நாட்காட்டியைப் பார்த்துத் தீர்மானிக்கிற விஷயமில்லை அது. பழையதோடு ஒப்பிடாமல் புதியதைப் பார்க்க முடிகிறதா என்று காப்பகத்துக்கு இரண்டு முறை போய் உட்கார்ந்து பாருங்கள்.

பழைய கழுத்துப்பட்டையைப் புது நாய்க்குப் போடாதீர்கள். மகள் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால், நைலான் பட்டையாக இருந்தால் சோப்பு போட்டுக் கழுவி அதே ப்ளீச் கரைசலில் 10 நிமிடம் ஊறவையுங்கள். நிறம் கொஞ்சம் வெளுக்கும், முன்கூட்டியே அவளிடம் சொல்லிவிடுங்கள். தோல் பட்டை என்றால் இறுக்க மூடும் கண்ணாடிப் புட்டியில் போட்டு, நாய்க்கு எட்டாத அலமாரியில் வையுங்கள்.