வெற்றிடமும் வேலைப்பாடும்: நவீன குவில்ட் பற்றிய வாசகர் கேள்விகள்

துணித் துண்டுகளை இணைத்து, அடுக்கடுக்காகப் பிணைத்துத் தைக்கும் விரிப்பே குவில்ட். திருகோணமலை மாவட்டத்து வாசகர்கள் குவில்ட் தையல் பற்றி எழுதிய கடிதங்களுள் நான்கிற்கு இவ்விதழில் விடை தரப்படுகிறது.

கேள்வி: என் அம்மம்மா தைத்த ஒட்டுத்துணி விரிப்பில் விரல் வைக்க இடமில்லாதபடி சதுரமும் பூவும் நிறைந்திருக்கும். இப்போது ‘நவீன குவில்ட்’ என்று காட்டப்படும் படங்களிலோ முக்கால்வாசி வெறும் வெள்ளைத் துணி, ஒரு மூலையில் நான்கு கட்டங்கள். இது வடிவமைப்பா, சோம்பலா?
– வாசகி, உவர்மலை

விடை: இரண்டையும் காணலாம், பிரித்தறியும் வழிதான் வேண்டும். குவில்ட்டைக் கட்டிலிலிருந்து எடுத்து, ஓவியத்தைப் போலச் சுவரில் மாட்டிப் பார்க்கும் வழக்கத்திற்கு, 1971இல் நியூயோர்க் விட்னி அருங்காட்சியகத்தில் அமெரிக்கக் குவில்ட்டுகளுக்காக நடந்த கண்காட்சி பெரும் வலுச் சேர்த்தது. 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில், அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரைச் சேர்ந்த கறுப்பினப் பெண்களின் குவில்ட்டுகள் காட்சிக்கு வந்தன. வேலைக்கு உடுத்துத் தேய்ந்த காற்சட்டைகளையும் சட்டைகளையும் வெட்டி, கோடு சற்றே சாய்ந்தாலும் அதைத் திருத்தாமல், கண்ணை நம்பித் தைக்கப்பட்ட பல குவில்ட்டுகள் அவற்றுள் இருந்தன. 2009இல் லொஸ் ஏஞ்சலிஸில் நவீன குவில்ட் சங்கம் தொடங்கியபோதும், 2013இல் ஒஸ்டின் நகரில் அதன் முதலாவது குவில்ட்கொன் கண்காட்சி நடந்தபோதும், இந்த இயக்கம் தன் அடையாளங்களாகக் கொண்டவற்றுள் அழுத்தமான நிறங்கள், எடுப்பான முரண், அகன்ற வெற்றிடம், முன்வரைபடமின்றிக் கைபோன போக்கில் இணைத்தல் ஆகியவை முக்கியமானவை.

வெற்றிடம் வேலை செய்கிறதா என்று பார்க்க, அந்த வெள்ளைப் பகுதியில் பாதியைக் கையால் மறையுங்கள். கட்டங்களின் நிலை குலையாமல், எதுவும் குறையாமல் இருந்தால், அத்துணி சும்மா கிடந்தது என்று பொருள். மறைத்தவுடன் கட்டங்கள் விளிம்பில் முட்டி மூச்சுத் திணறினால், அந்த இடம் எண்ணி விடப்பட்டது. இன்னொன்று, படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் வேறு நிறங்களாயினும் ஒரே சாம்பலாய்த் தெரிந்தால், தூரத்திலிருந்து பார்க்கும்போது வடிவம் கரைந்துபோகும். நிறத்தைவிட ஒளி இருள் வேறுபாடே வடிவத்தைத் தாங்குகிறது.

சோம்பேறியால் இதை நன்றாகத் தைக்க இயலாது என்பதையும் சொல்ல வேண்டும். பூப்போட்ட துணியில் கோணலான தையல் ஒளிந்துகொள்ளும். வெறும் வெள்ளையில் மேல்துணி, பஞ்சு விரிப்பு, அடித்துணி மூன்றையும் பிணைக்கும் தையற்கோடே சித்திரமாகிவிடுவதால், ஒரு சுருக்கம் விழுந்தாலும், ஓரிடத்தில் தையலின் நீளம் மாறினாலும் அது கண்ணைக் குத்தும். உங்கள் அம்மம்மாவின் விரிப்பு பொறுத்துக்கொண்ட பிழைகளை இது பொறுக்காது.

கேள்வி: நெடுங்காலமாகச் சட்டை தைப்பவன் நான். ஆனால் குவில்ட்டில் முக்கோணங்களின் முனைகள் ஒன்றோடொன்று சேரவேயில்லை. என்ன குறை?
– தையற்காரர், கிண்ணியா

விடை: உங்கள் கையில் குறையில்லை, பழக்கம் வேறு. சட்டையில் தையலுக்கு விடும் துணி கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் உடம்பு அதை ஏற்றுக்கொள்ளும். குவில்ட்டில் எல்லா இணைப்புக்கும் கால் அங்குலமே கணக்கு. ஒன்பது சதுரங்கள் கொண்ட வரிசையில் எட்டு இணைப்புகள். ஒவ்வொரு ஓரத்திலும் 1/16 அங்குலம் கூடுதலாகப் பிடித்தால் ஓர் இணைப்பில் அரைக்கால் அங்குலம் போகிறது, வரிசை முடிவதற்குள் முழுதாக ஓர் அங்குலம் காணாமற்போகிறது. நூலின் பருமனும் துணி மடங்கும் இடமும் சிறிது தின்பதால், கால் அங்குலத்திற்கு ஒரு மயிரிழை குறைவாகத் தைப்பதே சரி. ஒன்றரை அங்குல அகலமுள்ள மூன்று கீற்றுகளை இணைத்து அழுத்திப் பாருங்கள்; நடுக்கீற்று சரியாக ஓர் அங்குலம் காட்டினால் உங்கள் இயந்திரம் தயார்.

முக்கோணத்தின் நீண்ட பக்கம், நீங்கள் ‘கிராஸ்’ என்று சொல்லும் சாய்வெட்டாக அமைவதால் இலகுவில் இழுபடும். மின்னழுத்தியை அதன்மேல் தேய்க்காமல், வைத்து எடுங்கள். இரு சதுரங்களை மூலைவிட்டத்தில் வெட்டி முக்கோணச் சோடிகள் செய்வதானால், தேவையான அளவைவிட ஓர் அங்குலம் பெரிதாக வெட்டித் தைத்து, பிறகு சரியான அளவிற்கு நறுக்குவது நல்லது. அடுத்தடுத்த வரிசைகளின் தையல் மடிப்புகளை எதிரெதிர்த் திசையில் அழுத்தினால், சேருமிடத்தில் அவை ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். முனை தானாகவே பொருந்தும்.

கேள்வி: மருதமுனைக் கைத்தறிச் சாரத் துண்டுகள் வீட்டில் நிறைய உள்ளன. அவற்றைக் குவில்ட்டுக்குப் பயன்படுத்தலாமா?
– வாசகி, மூதூர்

விடை: தாராளமாக. ஆனால் வெட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் துவைத்துக் காயவைத்துவிடுங்கள். கைத்தறித் துணி சுருங்கக்கூடும், கருநீலமும் சிவப்பும் வெள்ளைத் துணிக்குப் பரவவும் கூடும். நெசவு தளர்வான துண்டுகளுக்கு ஓரம் பிரியும் என்பதால், சிறு முக்கோணங்களை விட்டுப் பெரிய செவ்வகங்களையே வெட்டுங்கள். சாரத்தின் கோடுகள் இங்கே பெரும் வரம். ஒரு துண்டில் நெடுக்காகவும் அடுத்ததில் கிடையாகவும் கோடுகளை வைத்து, இடையிடையே ஒற்றை நிறத் துணி விட்டால், இரண்டு சாரங்களிலிருந்தே நவீனமான வடிவம் எழும். கட்டங்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்த வேண்டும் என்று மெனக்கெடாதீர்கள்; அரைகுறையாகப் பொருந்துவதைவிட, தெளிவாக விலகி நிற்பது அழகு.

மூன்று அடுக்குகளையும் பிடித்துவைக்கக் குண்டூசி குத்துபவர்கள், கடற்காற்று படும் வீட்டில் அவற்றை மாதக்கணக்கில் துணியிலேயே விட்டுவிடக்கூடாது. துருக்கறை எளிதில் போகாது. நீண்ட நூலோட்டமாகத் தைத்துப் பிடித்தால் அந்தக் கவலையில்லை.

கேள்வி: கச்சான் காற்று வீசும் ஊரில் இதை யார் போர்த்திக்கொள்வது?
– வாசகர், நிலாவெளி

விடை: பொலியெஸ்டர் பஞ்சு வைத்ததை யாரும் போர்த்த மாட்டார்கள்; அது வெப்பத்தைப் பிடித்துவைக்கும். வங்காளத்துப் பெண்கள் காந்தா தைக்கும் முறை நமக்கு ஏற்றது: பழைய பருத்திச் சேலைகளை அடுக்கி, நடுவே பஞ்சின்றி நூலோட்டத் தையலால் பிணைப்பது. இரண்டு அடுக்கு போதும். வாடைக்கால மழையிரவில் அதைப் போர்த்திக்கொள்ளலாம். வெயில் மாதங்களில் கட்டிலின் மேல்விரிப்பாகப் போட்டுவிடலாம்.