சாசேஜுக்குப் பதிலாகச் சைவ இறைச்சியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: பள்ளி செல்லும் பிள்ளைகளுக்குக் கோழி சாசேஜும் நகெட்டும் அடிக்கடி கொடுத்து வருகிறோம். பதப்படுத்திய இறைச்சியால் புற்றுநோய் வரும் என்கிறார்கள். அதற்குப் பதிலாகக் கடையில் கிடைக்கும் சைவ மட்டன், சைவக் கோழி, சைவ இறால் ஆகியவற்றைக் கொடுக்கலாமா? அவையும் தொழிற்சாலையில் செய்தவைதானே?

பதில்:

கொடுக்கலாம். ஆனால் நீங்கள் குறிப்பிட்டிருக்கும் மூன்று சைவ வகைகளையும் ஒரே தட்டில் வைத்துப் பேச முடியாது. அவற்றுள் ஒன்றில் புரதமே இல்லை என்று சொல்லிவிடலாம். மலேசியாவில் உறைந்த உணவுப் பொருள்கள் தயாரிக்கும் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில், கோழி சாசேஜ் தயாராவதையும் சோயாப் புரதம் தயாராவதையும் அருகில் நின்று பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தைக் கொண்டே இதை எழுதுகிறேன்.

முதலில் சாசேஜ். விலை மலிவான கோழி சாசேஜின் பெரும்பகுதி, மார்பையும் தொடையையும் வெட்டி எடுத்த பிறகு எலும்புக்கூட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் தசையை எந்திரத்தில் அழுத்திச் சல்லடை வழியே பிதுக்கி எடுக்கும் கூழ்தான். அந்தக் கூழுடன் தோல், கொழுப்பு, உப்பு, மாவுச்சத்து, சோயாப் புரதம், பாஸ்பேட், மசாலா ஆகியவற்றைச் சுழலும் பெரிய கிண்ணத்தில் போட்டு, வேகமாகச் சுற்றும் கத்திகளால் அரைப்பார்கள். தண்ணீராக ஊற்றாமல் பனிக்கட்டித் தூளாகக் கொட்டுவதற்குக் காரணம் உண்டு. கத்தியின் உராய்வால் கலவை சூடேறும். அந்தச் சூடு சுமார் 12 டிகிரி செல்சியஸைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், கொழுப்பு தனியே பிரிந்து, வெந்த சாசேஜின் ஓரத்தில் எண்ணெயாகக் கசியும். ஆகவே கிண்ணத்தருகே நிற்பவரின் கண் எப்போதும் வெப்பமானியின் மேலேயே இருக்கும். 'எங்கள் வீட்டில் சோயாவைத் தொடுவதே இல்லை' என்று சொல்லும் பலர் அதைச் சாசேஜின் வழியாகப் பல காலமாகச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இவையெல்லாம் கேட்பதற்கு அருவருப்பாக இருக்கலாம். ஆனால் புற்றுநோய் பற்றிய பேச்சு இவற்றைக் குறித்ததன்று. அது முக்கியமாகச் சோடியம் நைட்ரைட்டைக் குறித்தது. சாசேஜ், ஹாம், பேக்கன் ஆகியவை வெந்த பிறகும் இளஞ்சிவப்பாக இருப்பது இந்த உப்பினால்தான். இது இறைச்சிக்குச் சிவப்பு நிறம் தரும் மயோகுளோபின் என்ற புரதத்துடன் சேர்ந்து நிறத்தைப் பிடித்து வைக்கிறது; அதைவிட முக்கியமாக, கொடிய நச்சை உண்டாக்கும் பொட்டுலினம் கிருமியை வளரவிடாமல் தடுக்கிறது. அமெரிக்க முறைப்படி தயாராகும் பதனிடும் உப்பில் 6.25 விழுக்காடு நைட்ரைட்டும் மீதி சாதாரண உப்பும் இருக்கும். யாரும் சமையல் உப்பென்று எண்ணி எடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே அதற்கு ரோஸ் நிறச் சாயம் ஏற்றியிருப்பார்கள். ஒரு கிலோ இறைச்சிக்கு அந்தக் கலவையில் இரண்டரை கிராம் போதும். அளவு சிறியதுதான். ஆனால் இந்த நைட்ரைட் இறைச்சிப் புரதத்தின் சிதைவுப் பொருள்களுடன் வினை புரிந்து, புற்றுநோயைத் தூண்டக்கூடிய நைட்ரோசமீன் என்ற சேர்மங்களை உண்டாக்கக்கூடும். அதிகச் சூட்டில் மொறுமொறுவென்று வறுக்கும்போது அவை கூடுதலாக உண்டாகின்றன, வயிற்றுக்குள்ளும் உண்டாகலாம். அதைக் குறைப்பதற்காகவே வைட்டமின் சி வகையைச் சேர்ந்த ஆஸ்கார்பேட்டையும் கூடவே சேர்க்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 2015 அக்டோபரில், 10 நாடுகளைச் சேர்ந்த 22 வல்லுநர்களைக் கொண்டு 800-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பரிசீலித்துப் பதப்படுத்திய இறைச்சியை, மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் வைத்தது. புகையிலையும் அதே பிரிவில் இருப்பதால், 'சாசேஜும் சிகரெட்டும் ஒன்று' என்று அன்றைக்கே செய்தி பரவியது. அது தவறான செய்தி. அந்தப் பிரிவு சான்றின் உறுதியைக் காட்டுவது. ஆபத்தின் அளவைக் காட்டுவது அன்று. நாள்தோறும் 50 கிராம், அதாவது ஏறத்தாழ ஒரு பெரிய சாசேஜ், சாப்பிட்டு வந்தால் பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு 18 விழுக்காடு கூடுகிறது என்பதே அவர்களின் கணிப்பு. நூறு பேரில் பதினெட்டுப் பேருக்கு நோய் வரும் என்று இதைப் படிக்கக் கூடாது. ஒருவருக்கு ஏற்கெனவே இருக்கும் வாய்ப்பின் மேல் 18 விழுக்காடு சேர்கிறது. பிறந்த நாளன்று தின்ற இரண்டு துண்டுகளுக்காகப் பிள்ளையை நினைத்து அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் தினமும் காலைப் பசியாறைக்குச் சாசேஜ் என்ற பழக்கத்தை நிறுத்தத்தான் வேண்டும்.

நகெட்டில் பெரும்பாலும் நைட்ரைட் சேர்ப்பதில்லை. அதில் கவனிக்க வேண்டியவை உப்பு, மேல்மாவு, பொரிக்கும் எண்ணெய் ஆகிய மூன்றும்தான். நைட்ரைட் சேர்க்கப்படவில்லை என்று உறையில் எழுதியிருக்கும் விலையுயர்ந்த ஹாம்களை மட்டும் சற்று ஐயத்துடன் பாருங்கள். பலவற்றில் செலரிக் கீரைத் தூளைச் சேர்த்திருப்பார்கள். அதிலுள்ள இயற்கையான நைட்ரேட், நுண்ணுயிரிகளால் நைட்ரைட்டாக மாறி அதே வேலையைச் செய்கிறது. (நம் உப்புக்கண்டத்தில் நைட்ரைட் இல்லை, ஆனால் உப்பிட்டு உலர்த்திய இறைச்சி என்பதால் அந்த முகமையின் வரையறைப்படி அதுவும் பதப்படுத்திய இறைச்சியே.)

இனி சைவ வகைகளுக்கு வருவோம். இறைச்சியைப் போலச் செய்யும் கலை புதிதன்று. சீன பௌத்த மடங்களில் கோதுமைப் புரதத்தையும் சோயாவையும் கொண்டு பல நூற்றாண்டுகளாகச் செய்து வருகிறார்கள். மேற்கு ஜெர்மனியின் முதல் சான்சலராகப் பின்னாளில் பதவியேற்ற கொன்ராட் அடெனவர்கூட, கொலோன் நகர மேயராக இருந்தபோது, முதல் உலகப் போர்க்காலப் பஞ்சத்தைச் சமாளிக்க ஒரு சோயா சாசேஜை உருவாக்கி, 1918-இல் அதற்குப் பிரிட்டனில் காப்புரிமை பெற்றார். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சீனர்களின் சைவக் கடைகளிலிருந்து இந்தப் பண்டங்கள் தமிழர் வீடுகளுக்குள் எப்போதோ வந்துவிட்டன. புரட்டாசியிலும் தைப்பூச விரத நாள்களிலும் சைவ மட்டன் பிரட்டல் இல்லாத வீடுகள் எங்கள் பக்கத்தில் குறைவு.

அந்தச் சைவ மட்டனில் நார்நாராகப் பிரிவது பெரும்பாலும் ஷிட்டாக்கே காளானின் காம்பு, அல்லது சோயா, அல்லது இரண்டும் சேர்ந்தது. சைவக் கோழியும் சைவ வாத்தும் சோயாவிலோ கோதுமைப் புரதத்திலோ ஆனவை. மாவைப் பிசைந்து தண்ணீரில் கழுவிக் கழுவி மாவுச்சத்தை நீக்கினால் எஞ்சும் ரப்பர் போன்ற பசைதான் கோதுமைப் புரதம். புரதம் நிறைய இருந்தாலும் அதில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. ஆனால் பருப்பில் அது போதிய அளவு இருப்பதால், சோறும் சாம்பாரும் உண்ணும் வீட்டில் இது பெரிய குறையன்று. கோதுமை ஒவ்வாதவர்கள் இதைத் தொடவே கூடாது.

சைவ இறால்தான் நான் முதலில் சொன்ன புரதமற்ற பண்டம். அதன் வளைவும் ஆரஞ்சுக் கோடும் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் பெரும்பாலான சைவ இறால்கள் கொன்யாக்குக் கிழங்கின் தூளும் மாவுச்சத்தும் சேர்ந்த கூழே. பிள்ளைக்கு அதைக் கொடுத்துவிட்டுப் புரதம் கொடுத்ததாக எண்ணிக்கொள்ள முடியாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: தைவானிலிருந்து வருபவற்றில் வெங்காயமும் பூண்டும்கூட இருக்காது, அங்குள்ள பௌத்தர்கள் அவற்றை விலக்குபவர்கள், ஆனால் ஒட்டுவதற்காக முட்டை வெள்ளைக்கரு பலவற்றில் சேர்ந்திருக்கும். விரதத்துக்கு வாங்குபவர்கள் உறையில் இதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

தமிழ்நாட்டில் மீல் மேக்கர் என்று வழங்கும் சோயா உருண்டை, இந்தக் கூட்டத்தில் மிக எளியது. எண்ணெய் பிழிந்தெடுத்த சோயா மாவை ஈரப்படுத்தி, திருகு சுழலும் எந்திரத்துக்குள் அழுத்தமும் கடுஞ்சூடும் கொடுத்து, சிறு துளை வழியே வெளியே தள்ளுவார்கள்; வெளிவந்த நொடியில் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் பொங்குவதால்தான் அந்தக் கடற்பஞ்சுத் தன்மை வருகிறது. உறையில் 100 கிராமுக்கு 52 கிராம் புரதம் என்று எழுதியிருப்பது உலர்ந்த உருண்டைக்கு. ஊறியதும் அதன் எடை சுமார் மூன்று மடங்காகிவிடும். ஆகவே தட்டிலிருக்கும் 100 கிராமில் ஏறத்தாழ 17 கிராம்தான் இருக்கும். அப்படியும் அது பல சாசேஜ்களில் இருப்பதைவிடக் கூடுதல். உப்பும் நீங்கள் போடுவது மட்டுமே. வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, இரண்டு முறை நன்றாகப் பிழிந்தால் பச்சை வாடை போகும். வாயுத் தொல்லை தரும் சர்க்கரைகளிலும் ஒரு பங்கு போய்விடும். சோயா ஆண்பிள்ளைகளுக்கு ஆகாது என்ற பேச்சு ஓயாமல் உலவுகிறது. ஆண்களிடம் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், சோயாவால் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் அளவு மாறுவதாகக் காணவில்லை.

பட்டாணிப் புரதத்தில் செய்த பியாண்ட், இறைச்சியைப் போன்ற நிறமும் சுவையும் தரும் சோயாவின் ஹீம் புரதத்தை ஈஸ்ட்டில் வளர்த்துச் சேர்க்கும் இம்பாசிபிள் போன்ற புதிய பர்கர்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஸ்டான்ஃபோர்டில் 36 பேரை எட்டு வாரம் இறைச்சியும் எட்டு வாரம் பியாண்ட் பொருள்களும் சாப்பிட வைத்து நடத்திய ஆய்வு 2020-இல் வெளிவந்தது. சைவ வாரங்களில் கெட்ட கொழுப்பு குறைந்திருந்தது, இரத்த அழுத்தத்தில் மாற்றமில்லை. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது பியாண்ட் நிறுவனமே என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எங்கள் ஊர் விலைக்கு அவை அன்றாட உணவாக முடியாது.

'தொழிற்சாலையில் செய்தவைதானே' என்ற உங்கள் ஐயம் நியாயமானது. நைட்ரைட் சிக்கல் சைவ வகைகளில் இல்லை. உப்புச் சிக்கல் இரண்டிலும் உண்டு. உறையில் 100 கிராமுக்கு எத்தனை மில்லிகிராம் சோடியம் என்று பாருங்கள். 600-க்கு மேல் இருந்தால் பிரிட்டனில் அதற்குச் சிவப்பு அடையாளம் போடுவார்கள். பெரியவர் ஒருவருக்கே நாள் முழுவதற்கும் 2,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. அடுத்து, சேர்மானப் பட்டியலின் முதல் மூன்று பெயர்களைப் படியுங்கள், அவை எடை வரிசைப்படி எழுதப்படுபவை. தண்ணீர், மாவுச்சத்து, எண்ணெய் என்று தொடங்கினால் அதை நொறுக்குத் தீனியாகவே கணக்கிட வேண்டும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், வாரத்தில் பெரும்பாலான நாள்களுக்கு முட்டை, தௌஹு (டோஃபு எனப்படும் சோயாக் கட்டி), தெம்பே (சோயா அவரையைப் புளிக்கவைத்துச் செய்யும் கட்டி), சோயா உருண்டை, கொண்டைக்கடலை, வீட்டில் சமைத்த மீன் அல்லது கோழி என்று மாற்றி மாற்றிக் கொடுப்பேன். சைவ மட்டனை விரத நாளுக்கும் ஆசைக்கும் வைத்துக்கொள்வேன். தெம்பேயை மெல்லிய வில்லைகளாக நறுக்கி, மஞ்சளும் கொஞ்சம் உப்பும் தடவிச் சிறிது எண்ணெயில் இருபுறமும் சிவக்க எடுத்தால், நகெட் கேட்கும் பிள்ளைகள் பெரும்பாலும் அதைத் தட்டில் மிச்சம் வைப்பதில்லை. சாசேஜ்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், மாதத்தில் ஓரிரு முறை, எண்ணெயில் கருக வறுக்காமல் வெந்நீரில் வேகவைத்துக் கொடுங்கள்.