கணினி கேள்வி-பதில்: சி டிரைவை எது அடைத்திருக்கிறது?

கேள்வி: ஸ்டூடியோவில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி., 16 ஜி.பி. ரேம், விண்டோஸ் 11. சி டிரைவில் 12 ஜி.பி.தான் மிச்சம். டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், வீடியோஸ், டெஸ்க்டாப், புரோகிராம் ஃபைல்ஸ் எல்லாவற்றையும் கூட்டினாலும் 210 ஜி.பி.யைத் தாண்டவில்லை. மீதி எங்கே?
– வாசகர், கும்பகோணம்

பதில்: எதையும் அழிக்காதீர்கள். முதலில் அளந்து பாருங்கள். கண்ணில் படும் ஃபோல்டர்களை மட்டும் கூட்டியிருக்கிறீர்கள். இடத்தைத் தின்பவை பெரும்பாலும் மறைந்திருப்பவைதான்.

டிரைவில் எந்த ஃபைல் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று அளந்து காட்டும் விண்டிர்ஸ்டாட் என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் கடைக்கும் வீட்டுக்கும் இலவசம். விஸ்ட்ரீ அதைப் போன்றதே. ஆனால் அது சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான் இலவசம், தொழிலுக்கு லைசென்ஸ் வாங்க வேண்டும். எதைப் போட்டாலும் ஐகானில் ரைட் கிளிக் செய்து ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்தே திறக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். அனுமதி இல்லாத ஃபோல்டர்களுக்குள் மென்பொருளால் நுழைய முடியாது. அவற்றின் அளவு கணக்கிலேயே வராது. ஸ்கேன் முடிந்ததும் திரையில் வண்ணக் கட்டங்கள் தெரியும். கட்டம் பெரிதானால் ஃபைலும் பெரிது. கட்டத்தைக் கிளிக் செய்தால் அந்த ஃபைல் இருக்கும் இடம் பட்டியலில் வரும்.

உங்கள் தொழிலை வைத்துப் பார்த்தால் என் முதல் சந்தேகம், அடோபியின் எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் புரோவை நீங்கள் பயன்படுத்தினால், அது வேகத்துக்காகச் சேர்த்து வைக்கும் ‘மீடியா கேஷ்’ என்ற தற்காலிக ஃபைல்கள் மீதுதான். யூசர்ஸ் ஃபோல்டரில் உங்கள் பெயருக்குள் ஆப்டேட்டா, ரோமிங், அடோபி, காமன் என்று வரிசையாகப் போனால் ‘மீடியா கேஷ் ஃபைல்ஸ்’ இருக்கும். ஆப்டேட்டா மறைந்த ஃபோல்டர் என்பதால் உங்கள் கூட்டலில் வந்திருக்காது. நீங்கள் இம்போர்ட் செய்யும் வீடியோக்களின் ஆடியோவை பிரீமியர் இங்கே தனி ஃபைலாக எழுதி வைக்கிறது. புராஜெக்ட்டை முடித்துக் கொடுத்த பிறகும் அது தானாகப் போகாது. எடிட், பிரிஃபரன்சஸ், மீடியா கேஷ் போய் டெலீட் கொடுங்கள். மூல வீடியோவுக்கு ஆபத்தில்லை. பழைய புராஜெக்ட்டைத் திறந்தால் மீண்டும் உருவாகும், அந்த ஒருமுறை மட்டும் தாமதமாகும். அதே பக்கத்தில் கேஷை வேறு டிரைவுக்கு மாற்றவும், குறிப்பிட்ட நாளுக்குப் பின் தானாக அழியவும் வழி இருக்கிறது. இரண்டையும் இன்றே செய்துவிடுங்கள்.

ஐபோனை இந்தக் கம்ப்யூட்டரில் பேக்கப் எடுத்திருந்தால் ‘மொபைல்சிங்க்’ ஃபோல்டரையும் பாருங்கள். அதை நேரடியாக அழிக்காமல் ஐட்யூன்ஸ் வழியாகவே நீக்குங்கள்.

ஸ்கேனில் சி டிரைவின் மேல்மட்டத்தில் ‘ஹைபர்ஃபில்’ என்று ஒரு ஃபைல் தெரியும். ஹைபர்னேட் செய்யும்போது, அதாவது திறந்திருக்கும் வேலையை அப்படியே வைத்துக் கம்ப்யூட்டரை அணைக்கும்போது, ரேமில் இருப்பதை எழுதி வைக்கும் இடம் அது. வழக்கமாக ரேமில் 40 சதவீதம், அதாவது உங்களுக்கு 6.4 ஜி.பி. அளவுக்கு இருக்கும். ஹைபர்னேட்டை அணைத்தால் ஃபைல் போய்விடும், கூடவே கம்ப்யூட்டரைச் சீக்கிரம் தொடங்க வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் போய்விடும். ‘பேஜ்ஃபைல்’ பக்கம் கை வைக்க வேண்டாம். ரேம் போதாமல் போகும் நேரத்தில் எடிட்டிங் வேலையைத் தாங்கிப் பிடிப்பது அதுதான்.

கேள்வி: ஸ்கேன் செய்ததில் விண்டோஸுக்குள் ‘வின்எஸ்எக்ஸ்எஸ்’ பெரிதாகத் தெரிகிறது. அழிக்கலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: கூடாது. விண்டோஸ் தன் சிஸ்டம் ஃபைல்களை வைத்திருக்கும் ஃபோல்டர் அது. அழித்தால் அப்டேட் நின்றுபோகும், விண்டோஸே திறக்காமலும் போகலாம். அங்குள்ள பல ஃபைல்கள் டிஸ்க்கில் ஒரே ஒரு முறைதான் இருக்கின்றன. சிஸ்டம்32 போன்ற இடங்களில் அதே ஃபைல் இன்னொரு பெயரில் தெரிவதால் கணக்கில் இரண்டு முறை வந்து அளவை ஊதிக் காட்டும். விண்டோஸுக்குள் இருக்கும் ‘இன்ஸ்டாலர்’ ஃபோல்டரையும் தொடாதீர்கள். பின்னாளில் சில மென்பொருள்களை நீக்கவோ அப்டேட் செய்யவோ முடியாது.

செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்ப்ரரி ஃபைல்ஸ் போய் ‘விண்டோஸ் அப்டேட் கிளீனப்’ என்பதை டிக் செய்து நீக்குங்கள். பழைய அப்டேட்டின் மிச்சங்கள் முறைப்படி வெளியேறும். அதே பட்டியலில் ‘டவுன்லோட்ஸ்’ என்றும் ஒரு வரி இருக்கும். அதில் டிக் விழுந்திருந்தால் நீங்கள் இறக்கி வைத்த அத்தனையும் போய்விடும். அந்த டிக்கை எடுத்துவிட்டு ‘ரிமூவ்’ அழுத்துங்கள்.

கேள்வி: 256 ஜி.பி. என்று வாங்கிய எஸ்.எஸ்.டி. 238 ஜி.பி. என்றே காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகர், தேனி

பதில்: இல்லை. தயாரிப்பாளருக்கு ஒரு ஜி.பி. என்பது 100 கோடி பைட். விண்டோஸுக்கு 107,37,41,824 பைட். 25,600 கோடியை அதால் வகுத்தால் 238.4 வரும். விண்டோஸைப் பழுதுபார்க்க ஒதுக்கிய ரிக்கவரி பார்ட்டிஷன் இருந்தால் சி டிரைவ் இன்னும் கொஞ்சம் குறைவாகவே காட்டும்.