சம்பளம் குறைந்தும் வாடகை குறையாதது ஏன்?

தக்கலையிலிருந்து ஒரு அண்ணன் கேட்டிருந்தார்: அமெரிக்காவில் மகள் இருப்பது அரசு வரிச்சலுகையில் கட்டிய அபார்ட்மெண்ட், வேலை நேரம் குறைந்து சம்பளமும் இறங்கிவிட்டது, வாடகை மட்டும் ஏன் அப்படியே நிற்கிறது?

அண்ணே, அந்த வாடகை உங்கள் மகளின் சம்பளத்தைப் பார்த்துப் போட்டதே இல்லை. குலசேகரத்தில் நாம் ரப்பர் ஷீட் அடித்தாலும் விலை கோட்டயத்திலிருந்து வருகிற மாதிரிதான். 1986-இல் வந்த இந்த வரிச்சலுகைத் திட்டத்தில், அந்த வட்டாரத்துக் குடும்பங்களின் நடுமட்ட வருமானத்தை (பாதிக் குடும்பங்கள் இதற்கு மேல், பாதி கீழ்) அமெரிக்க மத்திய வீட்டுவசதித் துறை வருடாவருடம் வெளியிடும். அதில் பொதுவாக 50 அல்லது 60 சதவீதத்தை வருமான வரம்பாக எடுத்து, அந்த வரம்பில் 30 சதவீதம்தான் உச்ச வாடகை. படுக்கையறைக்கு ஒன்றரை ஆள் என்று கணக்கு (அரை ஆள் யாரென்று கேட்காதீர்கள்), ஆக இரண்டு அறை வீட்டுக்கு 3 பேர்.

உதாரணமாக, 3 பேருக்கு வரம்பு 60,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 30 சதவீதம் 18,000, மாதத்துக்கு 1,500. கரண்ட், கேஸ் பில்லை உங்கள் மகளே கட்டினால் அதற்கென்று ஒரு தொகை, 150 என்றால், அதைக் கழித்து 1,350-க்கு மேல் வீட்டுக்காரர் வாடகை வாங்க முடியாது. பலர் கவனிக்காமல் விடுவது இந்தக் கழிவைத்தான், குத்தகைத் தாளில் பார்க்கச் சொல்லுங்கள்.

சம்பளம் கூடினாலும் உடனே காலி பண்ணச் சொல்ல மாட்டார்கள். சொந்த வருமானத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் மட்டும் கட்டுவது வேறு திட்டம், வாடகைக்கு அரசு உதவும் செக்‌ஷன் 8 வவுச்சர். அது கிடைத்தால் இதே வீட்டிலேயே பயன்படுத்தலாம், ஆனால் பல ஊர்களில் காத்திருப்புப் பட்டியல் வருடக்கணக்கில் நீளும்.