யார் பக்கம் தப்பு?

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு. காலாண்டுத் தேர்வில் கணக்கில் 41 மார்க். ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடும்போது அவன் அப்பா கத்தித் தீர்த்து, போனையும் ஒரு வாரத்துக்கு வாங்கி வைத்துவிட்டார். அவர் வேலைக்குப் போனதும் பாவமாக இருந்ததால் நான் எடுத்துக் கொடுத்தேன். இப்போது எதைக் கேட்டாலும் ‘ஒண்ணுமில்ல’ என்கிறான், கதவை அறைந்து சாத்துகிறான். எங்களில் யார் பக்கம் தப்பு?
— ஓர் அம்மா, திருப்பூர்

பதில்: இரண்டு பேர் பக்கமும்தான். ஆனால் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை.

1960களில் அமெரிக்காவின் பெர்க்லியில் டயானா பாம்ரிண்ட் என்ற உளவியலாளர் சின்னக் குழந்தைகளின் வீடுகளை ஆராய்ந்து, வளர்ப்பை மூன்றாகப் பிரித்தார்: அடக்கி வளர்ப்பது, விட்டுக்கொடுத்தே வளர்ப்பது, கண்டிப்பும் காது கொடுத்துக் கேட்பதுமாக வளர்ப்பது. உங்கள் வீட்டில் முதல் வகை உங்கள் கணவர், இரண்டாவது வகை நீங்கள். பையன் அப்பாவிடம் மறைக்கவும் உங்களிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் கற்றுக்கொண்டான். அந்த விடைத்தாளைக் கையில் வாங்கியபோது அவனுக்கு எப்படி இருந்தது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

இந்த வயதுப் பையன்களிடம் எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தைதான் இருக்கும், ‘கடுப்பா இருக்கு’. அதற்குள் அவமானம் இருக்கலாம், பயம் இருக்கலாம், கூடவே உட்காரும் நண்பன் 80 வாங்கிய எரிச்சலும் இருக்கலாம். உணர்வுசார் அறிவு என்று பெரிதாகச் சொல்கிறார்களே, அது இந்தக் கடுப்பைப் பிரித்துப் பார்க்கத் தெரிவதில்தான் ஆரம்பிக்கிறது.

எதிரே உட்காரவைத்து விசாரிக்காதீர்கள், அது போலீஸ் ஸ்டேஷன் மாதிரி ஆகிவிடும். வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போதோ நீங்கள் தோசை வார்த்துக்கொண்டிருக்கும்போதோ, “பேப்பர் குடுத்தப்போ பக்கத்துல இருந்தவன் எட்டிப் பார்த்தானாடா?” என்று சும்மா கேளுங்கள். “ஆமா” என்றால் “கஷ்டமாத்தான் இருந்திருக்கும்” என்று சொல்லிவிட்டு அடுத்த தோசையை ஊற்றுங்கள். “அதுக்குத்தான் அப்பவே படின்னு சொன்னேன்” என்று நாக்கு நுனி வரை வரும், விழுங்கிவிடுங்கள். இருப்பதிலேயே கஷ்டமான வேலை இதுதான்.

போன் விஷயத்தில் இரண்டு பேரும் தனியாகப் பேசி ஒரே முடிவுக்கு வாருங்கள், ராத்திரி ஒன்பதரைக்கு மேல் போன் ஹாலில்தான் என்பது போல. அப்புறம் அவர் ஆபீஸ் போனதும் நீங்கள் மாற்றக்கூடாது. கணவரும் “கத்துனது என் தப்புதான், ஆனா போன் ரூல்ல மாற்றம் இல்லை” என்று அவனிடம் ஒரு தடவை சொல்லட்டும். நம் ஊர் அப்பாக்களுக்கு அது லேசில் வராது (இந்தப் பக்கத்தைக் கத்தரித்து அவர் டிபன் பாக்ஸில் வைத்துவிடாதீர்கள், அது தனிச் சண்டையாகிவிடும்).

கதவைக் கொஞ்ச நாள் அவன் இஷ்டத்துக்கு விடுங்கள். ஆனால் சாப்பாடு, தூக்கம் கெட்டாலோ, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம்பிடித்தாலோ மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். ‘நான் எதுக்கு இருக்கணும்’ என்று எப்போதாவது பேசினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, கட்டணம் இல்லை, நடுராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.