போர்ட்ஸ்மத்: வாட்டர்லூவில் அட்டையைத் தட்டாதீர்கள்

இங்கிலாந்தின் தென்கரைத் துறைமுக நகரமான போர்ட்ஸ்மத்துக்கு இளவேனிற்காலத்தில் போய்வருவது பற்றிச் சிங்கப்பூர் வாசகர்கள் கேட்டவற்றுள் சில, இந்த இதழில்.

கே: மார்ச் பள்ளி விடுமுறையில் லண்டன் போகிறோம். ஒரு நாள் போர்ட்ஸ்மத்துக்கும் போய்வர ஆசை. பிள்ளைகளுக்குக் குளிர் தாங்குமா? ஜூனுக்குத் தள்ளிப்போடலாமா?
– தெம்பனிஸ் வாசகி

ப: மார்ச் நடுவில் உச்சிப் பகலிலேயே 10 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். ஏப்ரலில் 13, மே மாதத்தில் 16 வரை ஏறும். ஆனால் குளிரைவிட ஆளைப் படுத்துவது காற்று. நகரம் போர்ட்சீ என்ற தீவின்மேல் இருக்கிறது. சொலன்ட் நீரிணையிலிருந்து அடிக்கும் காற்றுக்குக் கரையோரத்தில் தடுப்பே கிடையாது. தடித்த கம்பளிக் கோட்டு ஒன்றைப் போட்டு அனுப்புவதைவிட, உள்ளே ஒட்டிய பனியன், நடுவில் கம்பளிச் சட்டை, மேலே தலைமூடியுள்ள காற்றுபுகா ஜாக்கெட் என்று மூன்றாகப் போடுங்கள். கண்காட்சிக்கூடத்துக்குள் வெப்பமாக இருக்கும், ஒவ்வொன்றாகக் கழற்றலாம். குடை வேண்டாம், முதல் காற்றிலேயே மடங்கிவிடும். நகரின் சவுத்சீ கடற்கரை பெரும்பாலும் கூழாங்கல். சிலிப்பர் போட்டால் கால் பிசகும்.

மார்ச்சில் இன்னொரு குறை: மாலை 6 மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். அந்த மாதக் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். அதன்பின் நமக்கும் அவர்களுக்கும் 8 மணி நேரமாக இருந்த வித்தியாசம் 7 ஆகிறது. மே இறுதியில் இரவு 9 மணி வரை வெளிச்சம். தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள் என்பதே எங்கள் கருத்து. மே கடைசித் திங்கள் அங்கே பொது விடுமுறை, அந்த வாரம் அவர்கள் பள்ளிகளுக்கும் விடுமுறை. அது கழிந்த மறுவாரம் போனால் கூட்டம் குறையும்.

கே: லண்டனில் வங்கி அட்டையைத் தட்டியே எல்லா ரயிலிலும் ஏறலாம் என்கிறார்கள். போர்ட்ஸ்மத் வரைக்கும் அப்படியே போகலாமா?
– செங்காங் வாசகர்

ப: போகக் கூடாது. சிங்கப்பூரர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். தட்டிச் செல்லும் ஏற்பாடு லண்டனையும் அதைச் சுற்றியுள்ள நிலையங்களையும் சேர்ந்தது. போர்ட்ஸ்மத் அதில் இல்லை. வாட்டர்லூ நிலையத்தில் தட்டினால் தடுப்புக் கதவு திறக்கும், அதனால் எல்லாம் சரியென்று தோன்றும். நூறு கிலோமீட்டருக்குமேல் போனபிறகுதான் பரிசோதகர் வருவார். அபராதம் 100 பவுண்டு, அதோடு ஒருவழிக் கட்டணம். 21 நாளுக்குள் கட்டினால் அபராதம் பாதியாகும். வாட்டர்லூவில் தட்டிய பயணம் முடிவடையாததால் அட்டையிலும் அதிகபட்சக் கட்டணம் பிடிப்பார்கள்.

செயலியிலோ நிலைய இயந்திரத்திலோ பயணச்சீட்டு வாங்கிவிடுங்கள். வார நாளில் காலை 9.30-க்குப் பிறகு புறப்படும் நெரிசல் குறைந்த நேரச் சீட்டு மலிவு. 3 முதல் 9 பெரியவர்கள் சேர்ந்து போனால் 'குரூப்சேவ்' என்று தேர்ந்தெடுங்கள். தனி அட்டை எதுவும் தேவையில்லை, மூன்றில் ஒரு பங்கு குறையும். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை, 5 முதல் 15 வரை பாதி.

ரயில் வாட்டர்லூவிலிருந்து புறப்பட வேண்டும்; ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். விக்டோரியாவிலிருந்தும் ரயில் உண்டு, சுற்றுப்பாதை, இரண்டு மணி நேரத்தைத் தாண்டும். இறங்க வேண்டிய இடம் போர்ட்ஸ்மத் ஹார்பர், கடைசி நிலையம். அதற்கு முந்திய போர்ட்ஸ்மத் அண்ட் சவுத்சீயில் பெயரைப் பார்த்து இறங்கிவிட்டால் நகர நடுவில் நிற்பீர்கள். சில ரயில்கள் வழியில் இரண்டாகப் பிரியும். எந்தப் பெட்டி எங்கே போகிறது என்ற அறிவிப்பைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் ஈஸ்டர் விடுமுறையும் தண்டவாளப் பராமரிப்புக்கு ஒதுக்கும் நாட்கள். ரயிலுக்குப் பதில் பேருந்தில் ஏற்றிவிடுவார்கள், அன்றைய திட்டம் குலைந்துவிடும். முதல் நாள் இரவே சரிபாருங்கள்.

கே: நான் நிரந்தரவாசி, இந்தியக் கடப்பிதழ். மனைவியும் பிள்ளையும் சிங்கப்பூர்க் குடிமக்கள். விசா வேண்டுமா?
– பொங்கோல் வாசகர்

ப: உங்களுக்கு வேண்டும். நிரந்தரவாசத் தகுதி இதில் உதவாது, கடப்பிதழ் எந்த நாட்டுடையது என்பதுதான் கணக்கு. பயணத்துக்கு மூன்று மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கைரேகை கொடுத்தபின் சாதாரணமாக மூன்று வாரம் ஆகும். மனைவிக்கும் பிள்ளைக்கும் விசா வேண்டாம். ஆனால் 2025 ஜனவரி 8 முதல் இடிஏ என்ற மின்னணுப் பயண அனுமதி கட்டாயம், கைக்குழந்தைக்கும் தனியாக எடுக்க வேண்டும். இரண்டாண்டு செல்லும், கடப்பிதழைப் புதுப்பித்தால் அதுவும் காலாவதி.

கே: அப்பாவுக்கு 74 வயது, முழங்கால் வலி. விக்டரி கப்பலா, மேரி ரோஸா? இரண்டையும் பார்க்க ஒரே நாள் போதுமா?
– ஈசூன் வாசகி

ப: அப்பாவுக்கு மேரி ரோஸ். தயக்கமே வேண்டாம். மின்தூக்கி இருக்கிறது, தளம் சமமானது.

எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பல் அது. 1545 ஜூலை 19 அன்று, மன்னர் சவுத்சீ கோட்டையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க, சொலன்ட்டில் கவிழ்ந்தது. கப்பலில் இருந்தவர்கள் ஏறத்தாழ 500 பேர். தப்பியவர்கள் 35-க்கும் குறைவு. சேற்றில் புதைந்த வலப்பக்கம் மட்டும் மிஞ்சியது. சேற்றுக்கு வெளியே நின்ற இடப்பக்கத்தை நீரோட்டமும் புழுவும் தின்றுவிட்டன. 1982 அக்டோபர் 11-இல் தூக்கினார்கள். ஊறிய மரத்தை அப்படியே காயவிட்டால் அதன் நுண்ணறைகள் நசுங்கிச் சுருங்கிவிடும். அதனால் பல ஆண்டுகள் குளிர்ந்த நீரைத் தெளித்து ஈரமாகவே வைத்திருந்து, 1994 முதல் 2013 வரை பாலிஎதிலீன் கிளைக்கால் என்ற மெழுகுப் பொருளைத் தெளித்து ஏற்றினார்கள்; பிறகே உலர்த்தினார்கள். நடைபாதையின் ஒருபுறம் கப்பல். எதிர்ப்புறம், அழிந்துபோன பாதி இருந்திருக்க வேண்டிய இடத்தில், அதே அடுக்கு வரிசையில் பீரங்கி, வில், சமையல் பாத்திரம், ஒரு நாயின் எலும்புக்கூடு. மரத்தையும் துணியையும் காக்க வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். அப்பாவின் கண்ணாடியை மறக்காதீர்கள்.

விக்டரி அப்படியல்ல. செங்குத்தான ஏணிப்படி, தலையில் இடிக்கும் உத்தரம், மின்தூக்கி கிடையாது. 1765-இல் வெள்ளோட்டம் விட்ட கப்பல். 1805-இல் டிராஃபல்கர் கடற்போரில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் சுடப்பட்ட இடத்தில் மேல்தளத்தில் ஒரு பித்தளைத் தகடு இருக்கிறது. பல ஆண்டு நீளும் மரவேலை நடப்பதால் சாரத்துக்குள்தான் நிற்கிறது. படத்தில் பார்த்த பாய்மரக் கோலத்தை எதிர்பார்க்காதீர்கள். அடிப்பகுதி ஏறாமலே ரசிக்கத்தக்கது. மிதக்கும் கப்பலைத் தண்ணீர் எல்லாப் பக்கமும் தாங்கும். 1922 முதல் உலர்துறையில் நிற்பதால் எடை சில இடங்களில் மட்டும் இறங்கி, உடல் தொய்ய ஆரம்பித்தது. இப்போது 134 எஃகுத் தாங்கிகள் எடையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படை வெட்டிய உலர்துறையைப் பார்த்தவர்களுக்கு இது பிடிக்கும்.

காலை 10 மணிக்கே மேரி ரோஸில் நுழையுங்கள், இரண்டு மணி நேரம் வேண்டும். பிறகு நீங்கள் விக்டரியில் ஏறும்போது அப்பா உணவகத்தில் உட்காரட்டும். அங்கேயே நிற்கும் வாரியர் என்ற பழைய போர்க்கப்பலையும் சேர்த்து ஒரே நாளில் முடிப்பது அவரை அலைக்கழிப்பது. ஓர் இரவு தங்குங்கள்.

கே: சைவச் சாப்பாடு கிடைக்குமா? கன்வார்ஃப் கீஸ் கடைத்தொகுதியில் வாங்கினால் வரியைத் திரும்பப் பெறலாமா?
– உட்லண்ட்ஸ் வாசகி

ப: கிடைக்கும், ஆனால் 'சிப்ஸ்' வாங்கும்போது எந்த எண்ணெய், மீன் பொரித்த சட்டியா என்று கேளுங்கள், மாட்டுக்கொழுப்பில் பொரிக்கும் கடைகளும் உண்டு. வரி திரும்பக் கிடைக்காது. சுற்றுப்பயணிகளுக்கான அந்தச் சலுகையை 2021 ஜனவரி 1 முதல் நிறுத்திவிட்டார்கள். விலைச்சீட்டில் இருப்பதே கடைசி விலை என்று கணக்குப் போடுங்கள்.

கே: ஹோவர்கிராஃப்ட் சவாரி செய்ய வேண்டும். பெரிய போர்க்கப்பல் நகர்வதையும் பார்க்க முடியுமா?
– புக்கிட் பாத்தோக் வாசகர்

ப: சவுத்சீயிலிருந்து வைட் தீவின் ரைட் ஊருக்கு 10 நிமிடம். பலத்த காற்றானால் ரத்து செய்வார்கள், இளவேனிலில் அது அபூர்வமல்ல. திரும்பும் நேரத்தில் ரத்தானால் ரைட் படகுத்துறையிலிருந்து விரைவுப் படகு பிடிக்கலாம். 22 நிமிடத்தில் போர்ட்ஸ்மத் ஹார்பர் நிலையத்தை ஒட்டியே இறக்கிவிடும்.

கப்பல் பார்க்கப் பழைய நகரின் வட்டக் கோபுரத்தில் ஏறுங்கள், கட்டணமில்லை. துறைமுக வாய் அங்கே மிகக் குறுகலானது. விமானந்தாங்கிக் கப்பல் காலடியிலேயே போவதுபோல் இருக்கும். போர்ட்ஸ்மத் துறைமுக அதிகாரியான 'கிங்ஸ் ஹார்பர் மாஸ்டர்' அலுவலகம் அன்றன்றைய கப்பல் போக்குவரத்துப் பட்டியலை இணையத்தில் வெளியிடுகிறது. அதில் உள்ள நேரத்துக்கு அரை மணி முன்பே போய் மேலே இடம்பிடியுங்கள்.